குறி தப்பவில்லை

1970ஆம் ஆண்டு பங்குனியில், போளூர்ப் பக்கம் ஜவ்வாது மலையடிவாரத்தில், ஒரு புள்ளிமானைச் சுட்டேன். குண்டு அதன் வயிற்றில் பாய்ந்தது. அதைத் தேடிப் போகாமல் ஊர் திரும்பினேன். "குறி தப்பிவிட்டது" என்று வீட்டிலும் வெளியிலும் சொன்னேன். அன்று முதல் அதையேதான் சொல்லிவந்திருக்கிறேன். அது பொய். அந்தக் கதையை என் வாயால் கேட்டவர்களில் பலர் இன்று உயிரோடு இல்லை. இருக்கிறவர்களுக்காவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.

தெரியாமல் செய்த பிழையாக இருந்திருந்தால் இவ்வளவு காலம் நெஞ்சை அறுத்திருக்காது. மானுக்கு எந்தத் தோட்டாவைப் போட வேண்டும் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் வேறொன்றைப் போட்டேன். அது எப்படி என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். கேட்டவர்களுக்குத் துப்பாக்கி விவரம் தெரியாததால்தான் என் பொய் இத்தனை காலம் செல்லுபடியாயிற்று.

எங்கள் வீடு காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில். அப்பா குழித்தறியில் உட்கார்ந்து நெய்து, பிறகு சொந்தமாகச் சில தறிகள் போட்டு, பட்டும் ஜரிகையும் கொடுத்து நெய்து வாங்குகிற நிலைக்கு வந்தவர். சித்தப்பாவுக்குத் தறியில் மனம் ஒட்டவில்லை. செய்யாற்றுப் பக்கம் நிலம் வாங்கி விவசாயம் பார்த்தார். காட்டுப்பன்றி வந்து வேர்க்கடலையைக் கிளறிப் போட்டுவிடுகிறது என்று பயிர்க்காவலுக்கு லைசென்ஸ் வாங்கி, ஒரு .315 ரைஃபிள் வைத்திருந்தார். அதற்கு எண்ணெய் போடுவது, குழல் துடைப்பது, தோட்டாவை எண்ணி வைப்பது எல்லாம் என் வேலை. பதினாறு, பதினேழு வயதிலேயே அந்தத் துப்பாக்கியைப் பற்றிச் சித்தப்பாவைவிட எனக்கு அதிகம் தெரியும்.

அந்த .315க்கு ஒரு வரலாறு உண்டு. 1857க்குப் பிறகு, இந்தியன் கையில் துப்பாக்கி இருப்பதை நினைத்தாலே வெள்ளைக்காரனுக்குக் கலக்கம். 1878இல் ஆயுதச் சட்டம் கொண்டுவந்தான். பட்டாளத்துத் தோட்டா வெளியே கசிந்து கலகக்காரர்களுக்குப் போய்ச் சேரக் கூடாது என்று, பட்டாளத்துத் துப்பாக்கிகளின் அளவை மற்றவர்களுக்குத் தடை செய்தான். பட்டாளத்துத் துப்பாக்கி .303. ஆகவே அதே லீ என்ஃபீல்டு இயக்கத்தில், அந்தத் தோட்டா நுழையாத வேறொரு அளவில், வேட்டைக்காரர்களுக்கும் மிராசுதார்களுக்கும் ஒரு ரைஃபிள் செய்து விற்றார்கள். அதற்கு எடுத்துக்கொண்டது ஆஸ்திரியப் பட்டாளத்தின் மன்லிகர் துப்பாக்கிக்கான 8 மில்லிமீட்டர் தோட்டா. அங்குலக் கணக்கில் .315. முதலில் பர்மிங்ஹாமிலிருந்து வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்தார்கள். குண்டின் எடை 244 கிரெயின், அதாவது ஏறக்குறைய 16 கிராம். மானுக்கு அது தாராளம்.

தோட்டா என்பது முழுச் சாமான்: பித்தளைக் கூடு, அடியில் கேப், உள்ளே மருந்து, நுனியில் குண்டு. கூடும் மருந்தும் ஒன்றாகவே இருந்தாலும் குண்டு இரண்டு விதமாக வரும். ஒன்று சாஃப்ட் நோஸ். உலோகச் சட்டை பாதிக்கு மேல் ஏறி நின்றுவிடும். மூக்கில் ஈயம் கறுத்துத் தெரியும். நகத்தால் அழுத்திக் கீறினால் கோடு விழும். இன்னொன்று கெட்டிக் குண்டு. மூக்கு நுனிவரை சட்டை மூடி, மழமழவென்று உருண்டிருக்கும். நகம் அதில் வழுக்கும்.

வித்தியாசம் உடம்புக்குள் போன பிறகுதான். சாஃப்ட் நோஸ் சதையில் பட்டதும் மூக்கு நசுங்கி விரிகிறது. விரிந்த குண்டு தன் வேகத்தை உள்ளேயே செலவழிக்கிறது. நுரையீரலையும் பெரிய ரத்தக் குழாய்களையும் அகலமாகக் கிழிக்கிறது. சரியான இடத்தில் பட்டால் மான் சில நொடிகளில் விழும். ஓடினாலும் சிறிது தூரம்தான். கெட்டிக் குண்டு விரியாது. இந்தப் பக்கம் சிறிய துவாரம், அந்தப் பக்கமும் சிறிய துவாரம். இதயம், மூளை, முதுகெலும்பு மூன்றில் ஒன்றில் பட்டால் ஒழிய மான் நிற்காது. ரத்தமும் வெளியே அதிகம் கொட்டாது. ஆகவே தடம் பிடிப்பதும் கஷ்டம். கெட்டிக் குண்டு யானை, காட்டெருமை போன்ற தடித்த எலும்புள்ள மிருகங்களுக்கு. மெலிந்த உடம்புள்ள மானுக்கு அது சித்திரவதை.

இது ஏதோ வேட்டைக்காரர்கள் திண்ணையில் பேசிக்கொள்ளும் விஷயமில்லை. விரியும் குண்டைப் பட்டாளத்துக்கென்று செய்து பேர் வாங்கிய இடம் நம் கல்கத்தாவுக்குப் பக்கத்திலுள்ள டம்டம் தொழிற்சாலை, 1890களில். மனிதன் மேல் அதைப் பிரயோகிப்பது கொடுமை என்று 1899இல் ஹேக் நகரத்து மாநாட்டில் போருக்கு அதைத் தடை செய்தார்கள். மான் விஷயத்தில் சட்டம் நேர் எதிர். இங்கிலாந்தில் 1991ஆம் வருடத்து மான் சட்டம், மானைச் சுடும் ரைஃபிள் .240 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, குழல்வாயில் குண்டின் ஆற்றல் 1,700 அடி-பவுண்டுக்குக் குறையக் கூடாது, குண்டு விரியும் மூக்குள்ளதாகவே இருக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறது. கெட்டிக் குண்டால் மானைச் சுட்டால் அங்கே குற்றம். போரில் காயம்பட்டவனைத் தூக்கிப் போக ஆள் வருவான், வைத்தியம் கிடைக்கும். மானுக்கு யார் இருக்கிறார்கள்? சுட்டால் உடனே சாக வேண்டும் என்பது ஒன்றுதான் அதற்குச் செய்யக்கூடிய தருமம்.

அந்தச் சட்டம் வருவதற்கு இருபது வருடம் முன்பே எனக்கு இது தெரியும். கென்னத் ஆண்டர்சனையும் ஜிம் கார்பெட்டையும் கிடைத்த இடத்திலெல்லாம் தேடிப் படித்தவன் நான். ஆட்கொல்லிப் புலிகள் உண்டாவதற்கு ஒரு காரணமாகக் கார்பெட் தன் முதல் புத்தகத்தின் தொடக்கத்திலேயே சொல்வது, அஜாக்கிரதையாகச் சுட்டுக் காயப்படுத்திவிட்டுப் பின்தொடர்ந்து போகாமல் விட்டுவிடும் வேட்டைக்காரர்களைத்தான். அந்தப் பக்கத்தைக் கோடு போட்டு வைத்திருந்தேன்.

பிறகு ஏன் கெட்டிக் குண்டைப் போட்டேன்?

தோலுக்காக. அப்பா தினமும் விடியற்காலையில் குளித்துவிட்டு, மான்தோலில் உட்கார்ந்து ஜபம் செய்வார். தாத்தா காலத்துத் தோல் அது. மயிர் உதிர்ந்து, ஓரமெல்லாம் சுருண்டு, நடுவில் விரிசல் கண்டிருந்தது. புதிதாக ஒன்று கிடைத்தால் நன்றாயிருக்கும் என்று அம்மா ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னாள். நானே கொண்டுவந்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அப்பா கேட்கவேயில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

சாஃப்ட் நோஸ் போட்டால் குண்டு வெளியேறும் பக்கம் தோல் கிழியும், சில சமயம் உள்ளங்கை அகலத்துக்கு. கெட்டிக் குண்டென்றால் சுண்டுவிரல் நுழையாத ஓட்டை, தைத்துவிட்டால் தெரியாது. முகப்பில் ஓர் எண்ணெய்ப் பொட்டு விழுந்தால் புடவையின் விலையே போய்விடும் என்று பயந்து பயந்து வேலை செய்கிற வீட்டில் வளர்ந்தவன் நான். கறையில்லாத, கிழிசலில்லாத பொருளைக் கொண்டுபோய் அப்பா முன்னால் வைக்க வேண்டும் என்பதுதான் புத்தியில் நின்றது. அந்தத் தோலுக்குள் ஓர் உயிர் இருந்ததைக் கணக்கில் எடுக்கவில்லை. பெட்டியில் இரண்டு விதமும் இருந்தன. விரலால் தடவிப் பார்த்து, வழுவழுப்பான மூக்குள்ளதைப் பொறுக்கி எடுத்தேன்.

சித்தப்பாவின் துப்பாக்கி, சித்தப்பாவின் லைசென்ஸ். ஆனால் காட்டுக்குள் வேட்டையாட வனத்துறை அனுமதிச் சீட்டு எங்களிடம் இல்லை. அவர் முழங்கால் வலி என்று அடிவாரத்துக் கிராமத்திலேயே தங்கிவிட்டார். அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர், காட்டை உள்ளங்கைபோல் அறிந்தவர், என்னை அழைத்துக்கொண்டு போனார். ஓர் ஓடைக்கு மேலே, பாறை மறைவில், காற்று எங்கள் முகத்தில் படும்படி உட்கார்ந்தோம்.

பொழுது சாய்கிற நேரத்தில் மந்தை இறங்கியது. முன்னால் பெட்டைகளும் குட்டிகளும். கடைசியில், கொம்பு தழைத்த ஒரு கலை. தூரம் நூற்றிருபது கஜம் இருக்கும். புள்ளிமானின் உயிர்நிலை முன்னங்காலுக்குப் பின்னால், மார்பின் கீழ்ப் பாதியில், ஒரு தாம்பாளத் தட்டு அகலத்துக்கு மேல் இல்லை. அந்தக் கலை பக்கவாட்டில் முழுசாக நிற்கவில்லை. பின்புறம் சற்று எங்களை நோக்கித் திரும்பியிருந்தது. வெளிச்சமும் மங்கிவிட்டது. பெரியவர் என் தோளைத் தொட்டு, பொறு என்று கையசைத்தார். இன்னும் இரண்டு அடி நகர்ந்து தண்ணீருக்குக் குனிந்தால் சரியாக நிற்கும் என்பது அவர் கணக்கு. எனக்கு அது நகர்ந்து புதருக்குள் போய்விடுமோ என்ற அவசரம். சுட்டேன்.

மந்தை சிதறி ஓடியது. அந்தக் கலை மட்டும் ஓடவில்லை. முதுகைக் கூனிக்கொண்டு, வாலை இடுக்கிக்கொண்டு, மெல்ல நடந்து புதருக்குள் போயிற்று. மார்பில் பட்ட மான் துள்ளி எழுந்து கண்மண் தெரியாமல் ஓடும். வயிற்றில் பட்ட மான் இப்படிக் கூனி நடக்கும். புத்தகத்தில் படித்தது கண்ணெதிரே நடந்தது. அந்த நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

இறங்கிப் போய்ப் பார்த்தோம். கலை நின்ற இடத்தில் கத்தரித்துப் போட்டதுபோல் கொஞ்சம் மயிர். வெள்ளை மயிர். புள்ளிமானுக்கு அடிவயிறு வெள்ளை. நாலடி தள்ளி ஒரு புல்லில் ரத்தம், இரண்டு மூன்று சொட்டு. நுரையீரலில் பட்டால் ரத்தம் இளஞ்சிவப்பாக நுரைத்திருக்கும். இது கறுத்து, கெட்டியாக இருந்தது. அதில் பச்சையாக, மென்ற இலைத் துணுக்குகள் ஒட்டியிருந்தன. பெரியவர் அந்தப் புல்லைக் கிள்ளி முகர்ந்து பார்த்தார். பிறகு என் கையில் கொடுத்தார். நானும் முகர்ந்தேன். மாட்டின் இரைப்பையைக் கிழித்தால் வருகிற புளித்த வாடை.

"வவுத்துல பூந்துடுச்சி தம்பி. இப்ப பின்னால போனா எழுந்து மேல ஏறிடும். ராத்திரி வுட்டுடு. விடிஞ்சதும் போனா தண்ணிகிட்ட எங்கனா படுத்திருக்கும். கண்டுக்கலாம்" என்றார்.

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. வயிற்றில் அடிபட்ட மிருகத்தை உடனே துரத்தக் கூடாது. தாகம் எடுக்கும், தண்ணீரைத் தேடும், பக்கத்திலேயே படுக்கும். விடிந்ததும் போய் இன்னொரு தோட்டாவில் முடித்திருக்கலாம். அதுவரை நடந்தது அவசரம், பேராசை, கெட்டிக்காரத்தனம் எல்லாம் சேர்ந்த தப்பு. அதற்குப் பிறகு நான் செய்ததற்குத் தப்பு என்று பெயர் வைத்தால் போதாது.

இரவு அவர் வீட்டுத் திண்ணையில் படுத்திருந்தேன். தூக்கமில்லை. விடியும் முன் எழுந்து, சித்தப்பாவிடம் போய், குறி தப்பிவிட்டது, கிளம்பலாம் என்று சொன்னேன். வைகாசி முகூர்த்தப் புடவைகள் தறியில் நிற்கின்றன, வாடகை ஜீப்புக்கு இன்னொரு நாள் கொடுக்க வேண்டும், சீட்டு இல்லாமல் வந்திருக்கிறோம், வேட்டுச் சத்தம் கேட்டு வனத்துறை கார்டு வந்தால் வம்பு. அவரிடம் இவ்வளவையும் அடுக்கினேன். எல்லாம் நிஜம். ஆனால் அவை எதனாலும் நான் கிளம்பவில்லை. அது உயிரோடு படுத்திருக்கும். தலையைத் தூக்கி என்னைப் பார்க்கும். பக்கத்தில் நின்று மறுபடி சுட வேண்டியிருக்கும். அதற்குப் பயந்துதான் கிளம்பினேன்.

பெரியவரிடம் கொஞ்சம் பணம் கொடுத்து, முடிந்தால் நீங்கள் போய்ப் பாருங்கள், கறியை வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் பணத்தை வாங்கவில்லை. "துப்பாக்கி உங்கிட்ட இருக்குது. நான் போயி வெறுங்கையில என்னா பண்றது?" என்று கேட்டார். பதில் சொல்லாமல் ஜீப்பில் ஏறினேன்.

ஊருக்கு வந்ததும் அப்பா முகத்தைப் பார்க்கவே கூச்சமாயிருந்தது. குறி தப்பிவிட்டது, தோல் கிடைக்கவில்லை என்றேன். "போகட்டும்டா, அதுவாவது பிழைச்சுதே" என்றார். நிஜமான சந்தோஷத்தோடு சொன்னார். அதற்குப் பிறகு அவர் மான்தோலை எடுத்து வைத்துவிட்டுத் தர்ப்பைப் பாயில் உட்கார ஆரம்பித்தார். மகனை மறுபடி காட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ. இந்தப் பொய்யில் எனக்கு மிகவும் வலிக்கிற இடம் அதுதான். அந்த மான் பிழைத்தது என்ற நம்பிக்கையோடுதான் அவர் கண்ணை மூடினார்.

ஆடி மாதத்தில் ஒரு வேலையாகப் போளூர் போயிருந்தபோது சந்தையில் அந்தப் பெரியவரைப் பார்த்தேன். நான் கேட்காமலே சொன்னார். நாங்கள் கிளம்பிய அன்று காலையிலேயே கொடுவாளை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். ஓடைக்கரையில் படுத்திருந்ததாம். இவரைக் கண்டதும் எழுந்து நடந்துவிட்டது. மறுநாள் சாயங்காலம் இன்னும் கொஞ்சம் கீழே, தண்ணீரில் வாயை வைத்தபடி கிடந்திருக்கிறது. எழ முடியவில்லை. இவர் போய் முடித்தார். "தோலு ஒண்ணுத்துக்கும் ஆவல. ஈ மொய்ச்சி புழு வெச்சிடுச்சி" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. ஒரு செய்தியைச் சேர வேண்டிய இடத்தில் சேர்த்தார், அவ்வளவுதான். அவருக்குக் காபி வாங்கிக் கொடுத்து, இதை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். ஒரு மான் இரண்டு நாள் துடித்த கதையைக் கேட்டுவிட்டு என் வாயில் வந்த வார்த்தை அதுதான்.

வேட்டைக்காரர்களிடையே குறி தப்புவது சின்ன அவமானம். யாருக்கும் நடக்கும், சிரித்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போவார்கள். காயப்படுத்திவிட்டுப் போட்டு வருவது அப்படியில்லை. அப்படிப்பட்டவனோடு அதற்குப் பிறகு யாரும் காட்டுக்குப் போக மாட்டார்கள். பெரியதை மறைக்கச் சின்னதை எடுத்து முன்னால் வைத்தேன்.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. நான் தோட்டா நிபுணன் ஆனேன். இன்னும் படித்தேன். பன்னிரண்டு போர் துப்பாக்கி என்றால், ஒரு பவுண்டு ஈயத்தில் பன்னிரண்டு உருண்டை உருட்டினால் ஓர் உருண்டை என்ன பருமனோ அதுதான் குழலின் விட்டம் என்று விளக்குவேன். எல்.ஜி. ரவை அவுன்சுக்கு ஆறு, எஸ்.ஜி. எட்டு, நாலாம் நம்பர் நூற்றெழுபது என்று மனப்பாடமாக ஒப்பிப்பேன். எல்.ஜி.யை நாற்பது கஜத்துக்கு மேல் மானுக்கு நம்பக் கூடாது, ரவை சிதறி ஒன்றிரண்டு வயிற்றில் ஏறும், மான் போய் எங்கோ சாகும் என்று கண்டிப்பாகச் சொல்வேன். அத்தனையும் உண்மை. அந்த உண்மைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். இவ்வளவு தெரிந்தவன் தப்பு செய்திருப்பான் என்று யார் நினைப்பார்கள்?

மறுவருடமோ அதற்கு அடுத்ததோ, சித்தப்பா வழியில் தெரிந்த இரண்டு இளைஞர்கள் யோசனை கேட்டு வந்தார்கள். தோல் கெடாமல் வேண்டும், எந்தக் குண்டு போடலாம் என்று. வேண்டாம், கெட்டிக் குண்டு போட்டால் மான் தப்பிப் போய்த் துடித்துச் சாகும் என்று சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொன்னால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும். "தோலுக்குக் கெட்டிக் குண்டுதான் நல்லது" என்று சொல்லி அனுப்பினேன். அவர்கள் போனார்களா, சுட்டார்களா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்கத் தைரியம் இல்லை.

ஒவ்வொரு மாட்டுப் பொங்கலுக்கும் எங்கள் ஊர் வரதர் பார்வேட்டைக்குப் பழையசீவரம் போவார். காஞ்சியிலிருந்து வாலாஜாபாத் வழியாகப் பல்லக்கில் எழுந்தருளி, மலை ஏறி, பிறகு பாலாற்றைக் கடந்து திருமுக்கூடல் போவார். நாங்களும் கூட்டத்தோடு கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய், ஆற்று மணலில் உட்கார்ந்திருப்போம். வேட்டை உற்சவம் அல்லவா, பேச்சு வேட்டைக்குப் போகும். "நீங்க ஜவ்வாது மலையில மான் சுடப் போனீங்களே, அதைச் சொல்லுங்க மாமா" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். நானும் சொல்வேன். பாறை மறைவு, காற்றின் திசை, மங்கிய வெளிச்சம், கொம்பு தழைத்த கலை. எல்லாம் அப்படியே. கடைசியில் மட்டும், குண்டு அதன் முதுகுக்கு மேலே போய்விட்டது என்பேன். குழந்தைகள் கை தட்டுவார்கள், மான் தப்பித்ததே என்று. பெருமாளை மலையில் சேவித்துவிட்டு வந்து, அவர் எழுந்தருளியிருக்கும் ஆற்றிலேயே உட்கார்ந்து அதைச் சொன்னேன், வருடா வருடம்.

எங்கள் பழைய செங்கல்பட்டு ஜில்லாவுக்குள்தான் வேடந்தாங்கல் இருக்கிறது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து ஏரிப் பறவைகளைச் சுட்டபோது, அந்தக் கிராமத்துக் குடியானவர்கள் நேரே கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். கொக்கும் நாரையும் எச்சமிடுகிற தண்ணீர் அவர்கள் வயலுக்கு உரம். லயனல் பிளேஸ் என்ற கலெக்டர், 1798 வாக்கில், அங்கே யாரும் பறவைகளைச் சுடக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். துப்பாக்கி வைத்திருக்கிற ராஜாங்கத்துக்கு எதிரே, துப்பாக்கி இல்லாத விவசாயிகள் போய் நின்று வாயைத் திறந்திருக்கிறார்கள். நான் என் அப்பா எதிரே வாயைத் திறக்கவில்லை. வேடந்தாங்கலுக்குப் பேரக்குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகும்போதெல்லாம் இதுதான் மனதில் ஓடும்.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991 திருத்தத்தோடு, பொழுதுபோக்கு வேட்டைக்கு லைசென்ஸ் என்ற பேச்சே இல்லாமல் போயிற்று. நான் அதற்குப் பிறகு துப்பாக்கியைத் தொடவில்லை என்று சொல்லிக்கொண்டால் பெருமைபோல் தோன்றும். சட்டம் வந்ததால் தொடவில்லை, அவ்வளவுதான். துப்பாக்கி சித்தப்பாவிடமே இருந்தது. தேர்தல் வரும்போதெல்லாம் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, முடிந்ததும் திரும்ப வாங்குவார்கள். அவர் காலத்துக்குப் பிறகு அவர் மகன் பெயருக்கு மாறியது. அவனும் இப்போது வேண்டாமென்று ஒப்படைத்துவிட்டான். ஒப்படைக்கப் போனபோது உடன் போயிருந்தேன். எழுத்தர் தோட்டாக்களை மேசையில் கொட்டி எண்ணினார். அந்தப் பழைய கெட்டிக் குண்டுகளும் அதில் இருந்தன. பித்தளை பச்சை பூத்திருந்தது. மூக்கு மட்டும் அப்படியே வழுவழுப்பாக. "இது எதுக்கு சார் வாங்குனீங்க?" என்று கேட்டார். பதிவேட்டில் எழுதுவதற்காக அல்ல, சும்மாதான் கேட்டார். "மானுக்கு" என்றேன். யாரிடமும் இதைப் பற்றி நான் சொன்ன முதல் உண்மை அது.

அன்று ராத்திரி என் தம்பியிடம், அதாவது சித்தப்பா மகனிடம், முழுவதையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "இப்போ சொல்லி என்ன அண்ணா ஆகப்போகுது?" என்றான். மானுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. அப்பாவுக்கும் இல்லை. ஆனால் என் வார்த்தையைக் கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

அவர்களுக்குச் சொல்கிறேன். தோலுக்குக் கெட்டிக் குண்டு என்று நான் சொன்ன யோசனை பாவம். அதைக் கேட்டு யாராவது மான் சுட்டிருந்தால் அந்தப் பழியில் எனக்கும் பங்குண்டு. இன்றைக்கும் மான்தோல் இருக்கிறது, ஜபத்துக்கு நல்லது, வீட்டுக்கு லட்சுமிகரம் என்று யாராவது ரகசியமாக வந்து கேட்டால், வாங்காதீர்கள். அதைக் கையில் வைத்திருப்பதே குற்றம். தாத்தா காலத்துத் தோலுக்குக்கூட அத்தாட்சி வேண்டும். அறிவிக்காமல் வைத்திருந்தவர்களுக்கு 2003இல் 180 நாள் அவகாசம் கொடுத்தார்கள், அதுவும் எப்போதோ முடிந்துவிட்டது. கொண்டுவந்தவனைப் பற்றி வனத்துறைக்குச் சொல்லுங்கள். தோலில் ஓட்டை சின்னதாக இருக்கிறது, நல்ல தோல் என்று அவன் காட்டினால், அந்த மான் எவ்வளவு நேரம் உயிரோடு இருந்தது என்று அவனைக் கேளுங்கள்.